ஆவணி முடிவதற்குள் ரூ.1,85,500 வேண்டும்: சமுதாயக்கூடப் பெண்கள் கழிப்பறைக்கு நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியோர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிழைக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம். அம்மன் துணை.

1992 வெள்ளத்தில் தாமிரபரணி நம் வாசல்படி ஏறியபோது, பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் சேர்த்து உலை வைத்த ஊர் இது. மேட்டு நிலத்தை ஒரு காசு வாங்காமல் எழுதிக் கொடுத்த பெரியவர்களால்தான் சமுதாயக்கூடம் எழுந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் தீவானபோது அந்தக் கூடத்தில்தான் 120 பேர் தங்கினார்கள்.

ஆனால் கழிப்பறை தரைமட்டத்தில் இருக்கிறது. கழிவுத்தொட்டிக்குள் வெள்ளம் புகுந்ததும் கழிவு கோப்பை வழியே மேலே பொங்கிவிட்டது. கரண்ட் இல்லை, உள்தாழ்ப்பாளும் இல்லை. இருட்டட்டும் என்று அடக்கிக்கொண்ட பெண்கள், போக வேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் இப்படித்தான் வருகின்றன. கர்ப்பிணிக்கு அது குறைப்பிரசவத்தில் போய் முடியலாம்.

முகாமில் 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது கணக்கு. பெண்களும் குழந்தைகளும் 80 பேர், ஆகவே நான்கு. 2023 தண்ணீர்த் தடத்துக்கு ஓரடி மேலே பீடம், உள்பக்கம் தாழ்ப்பாள், கழிவுக் குழாயில் தண்ணீர் எதிர்த்து வராதபடி ஒருவழி வால்வு, உள்ளேயே துணி அலசக் குழாயும் மூடியுள்ள குப்பைக் கூடையும். தொட்டியோடு சேர்த்து ரூ.3,40,000. கூடத்திலிருந்து கழிப்பறை வரை சோலார் விளக்கு ஆறு, ரூ.15,000. மேலே 1,000 லிட்டர் தண்ணீர்த்தொட்டி ரூ.12,000.

அடுத்து, கூடத்தில் தங்க வரும் பெண்களுக்கு 100 பைகள், ஒன்று ரூ.900: மூடியுள்ள வாளி, நைட்டி, உள்ளாடை மூன்று, நாப்கின் இரண்டு பாக்கெட், கருநிறப் பருத்தித் துணி, சோப்பு, டார்ச், விசில், ஓஆர்எஸ் நான்கு, கொடிக்கயிறு. கயிறு எதற்கு என்று கேட்டார்கள். மாதவிலக்குத் துணி வெயிலில் காயாவிட்டால் அரிப்பும் புண்ணும்தான் மிச்சம். பழைய சேலை தயவுசெய்து அனுப்பாதீர்கள்; நனைந்த மூட்டையைப் பிரித்துக் காயப்போட ஆளில்லை.

ஆக மொத்தம் ரூ.4,57,000. வந்தது ரூ.2,71,500.

தலைக்கு 200 ரூபாய் போட்ட மகளிர் குழுக்களுக்கும், இரண்டு லோடு எம்சாண்ட் இறக்கியவருக்கும், வாழைத்தார் விற்ற பணத்தில் ஒரு பங்கை மண்டியிலிருந்தே அனுப்பிய விவசாயிகளுக்கும், துபாயில் ஒரே அறையில் தங்கிக்கொண்டு மாதாமாதம் திரட்டி அனுப்பும் ஏழு தம்பிமாருக்கும், கூலி வேண்டாம் என்று வானம் தோண்டித் தந்த கொத்தனாருக்கும் சித்தாள் அக்காமாருக்கும் இந்தக் குழு கையெடுத்துக் கும்பிடுகிறது.

மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறோம். கோயில் கொடைக்கு வரி சொன்ன மறுநாளே கட்டிவிடுகிறோம். வில்லுப்பாட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் குறைவைக்காத ஊரில் பொம்பளைப் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றால் அம்மன் முகத்தில் எப்படி விழிப்பது?

ஐப்பசியில் மழை பிடித்துவிடும். கான்கிரீட் குறைந்தது 14 நாள் தண்ணீர் குடிக்க வேண்டும். அதனால் ஆவணி கடைசிக்குள் பொருளாளரிடம் கட்டி, எண்ணிட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு மாதம் ஆன கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டார், பணம் தர முடியாவிட்டாலும் பெயரையும் பிக்மி எண்ணையும் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) கிராம சுகாதாரச் செவிலியரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பாலம் மூழ்கிய பிறகு 108 வண்டி ஆற்றுக்கு அக்கரையில்தான் நிற்கும்.

இப்படிக்கு,
சமுதாயக்கூடக் கட்டடக் குழு