திறக்காத பின்கதவு பற்றி சேகருக்கு

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான், உன் முட்டிவலி குறைந்திருக்கிறது என்றெல்லாம் படித்ததில் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டேன். ஆனாலும் காலையில் அங்கே போய் உட்காராமல் இருக்க முடிவதில்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பையன்களுக்கு எதையாவது சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கும் பிடித்திருக்கிறது, எனக்கும் பொழுது நன்றாகப் போகிறது.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, காரில் நடைபாதைப் பக்கத்துப் பின்கதவு திறப்பதே இல்லை, அம்மா சீட்டில் நகர்ந்து நகர்ந்து அடுத்த பக்கம் வந்து இறங்குகிறார்கள் என்று, அதுதான் எனக்கு மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. மற்ற மூன்று கதவும் திறக்கிறதே, போதும் என்று விட்டிருக்கிறாய். போதாது சேகர். அம்மா இப்போது வண்டிகள் விரைகிற பக்கமாக இறங்குகிறார்கள். அந்தப் பக்கத்தில் எதுவும் வந்து மோதிக் கதவு நசுங்கினால், பின்சீட்டில் இருப்பவர்களுக்கு வெளியே வர வழியே கிடையாது. இதைத் தள்ளிப்போடாதே.

முதலில், கைப்பிடியைப் பிடித்துப் பலமாக இழுப்பதை நிறுத்து. கைப்பிடி உடைந்தால் வேலை இரண்டாகும். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கதவின் ஓரத்தில் லாட்ச் என்று, கதவை மூடிய நிலையில் பிடித்து வைக்கிற ஒரு அமைப்பு இருக்கும். அதற்குள் ஒரு கொக்கி சுழலும். கதவை மூடும்போது அது, கார் தூணில் பதித்திருக்கிற இரும்பு வளையத்தைக் கவ்விக்கொள்ளும். கொக்கி திரும்பிப் போய்விடாமல் ஒரு சின்ன நாக்கு தடுத்து நிற்கும். வெளிக் கைப்பிடியை இழுத்தாலும் உள்கைப்பிடியை இழுத்தாலும், லாக் எடுத்திருந்தால் அந்த நாக்கு விலகும், அவ்வளவுதான். ஆனால் இரண்டும் வேறுவேறு வழியாக அங்கே போய்ச் சேர்கின்றன. வெளிக் கைப்பிடி பெரும்பாலும் ஒரு மெல்லிய கம்பி வழியாக, உள்கைப்பிடி பெரும்பாலும் ஒரு கேபிள் வழியாக.

இரண்டு வழியும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். அதனால் உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். பேரனுக்காகப் பின்கதவுகளில் சைல்டு லாக், அதாவது குழந்தைகள் உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிடாமல் தடுக்கிற லாக், போட்டிருக்கிறாயா? அதைப் போட்டிருந்தால் உள்கைப்பிடி எப்போதோ செயலிழந்துவிட்டது, நீ கவனித்திருக்கவே மாட்டாய். எல்லோரும் வெளிக் கைப்பிடியிலேயே திறந்துகொண்டிருந்திருப்பீர்கள். ஒருநாள் வெளிக் கைப்பிடியின் கம்பியைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் கிளிப் உடைந்தால், பார்க்கிறவனுக்குக் கதவே இறுகிப்போன மாதிரி தெரியும். உண்மையில் பழுது ஒன்றுதான். அடுத்த பக்கத்துக் கதவைத் திறந்து அதன் ஓரத்தில் சைல்டு லாக் எந்த நிலையில் இருக்கிறது என்று பார். பொதுவாகப் போட்டால் இரண்டு பக்கமும்தான் போட்டிருப்போம். சில கார்களில் ஓட்டுநர் பக்கத்து சுவிட்சிலேயே அதை எடுத்துவிடலாம். உன் காரில் அந்த சுவிட்ச் இருந்தால் வேலை சுலபம்.

கைப்பிடி சொல்கிற சேதியையும் கேள். இழுக்கும்போது எந்தப் பிடிமானமும் இல்லாமல் லொடலொடவென்று வந்தால் கிளிப்போ கம்பியோ கழன்றிருக்கிறது. பழைய மாதிரியே இறுக்கமாக இழுபட்டும் கதவு வராவிட்டால் லாக் முழுதாக விடுபடவில்லை, அல்லது அந்த நாக்கு பழைய கிரீசில் சிக்கி இறுகியிருக்கிறது. ரிமோட்டை அழுத்தச் சொல்லிவிட்டுக் கதவில் காதை வைத்துப் பார். மற்ற கதவுகளில் டக்கென்று கேட்கிற சத்தம் இதில் மட்டும் கேட்கவில்லை, அல்லது மோட்டார் வெறுமனே சுற்றுகிற மாதிரி இருக்கிறது என்றால், பூட்டைத் தள்ளுகிற சின்ன மோட்டாரோ அதன் பிளாஸ்டிக் பற்களோ தேய்ந்திருக்கும். கதவுக்கும் தூணுக்கும் நடுவே ரப்பர் குழாயில் போகிற வயர்கள் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோவதும் உண்டு.

நாக்கு இறுகியிருக்கிறது என்று தோன்றினால் ஒரு வழி இருக்கிறது. ஒருவர் கதவை உள்பக்கமாக உடம்பால் அழுத்தட்டும், அதே நேரத்தில் இன்னொருவர் கைப்பிடியை இழுக்கட்டும். கதவைச் சுற்றியிருக்கிற பீடிங் ரப்பர் எப்போதும் கதவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அந்த அழுத்தம் முழுக்க நாக்கின் மேல்தான் விழும். அழுத்தினால் சுமை குறைந்து நாக்கு நகர இடம் கிடைக்கும். பூட்டு பாதியில் நிற்கிறது என்றால், ரிமோட்டை அழுத்துகிற அதே நொடியில் உள்ளே இருக்கிற லாக் குமிழைக் கையால் தூக்கிக்கொடு. பல கதவுகள் இதிலேயே திறந்துவிடும்.

இதற்கும் மசியாவிட்டால் கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கிற டோர் பேடைக் கழற்ற வேண்டும். மூடியிருக்கிற கதவில் இது பொறுமையைச் சோதிக்கிற வேலை. சீட்டின் அடிப்பாகத்தைக் கழற்றினால் கொஞ்சம் இடம் கிடைக்கும். கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றிவிட்டு அப்புறம் பேட்டரியைக் கழற்று. கண்ணாடி கீழே இறங்கியிருந்தால் கை நுழையாது. கைப்பிடிக்குப் பின்னாலும் கைவைக்கிற இடத்திலும் மூடிகளுக்கு அடியில் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். உள்ளே தகட்டின் ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கும், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள். அந்தக் கதவுக்குள் ஏர்பேக் இருந்தால் மட்டும் நீ தொடாதே, தெரிந்தவர்களிடம் விட்டுவிடு. பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரித்து, முடிந்ததும் சரியாக ஒட்டிவிடு. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் கதவின் அடியில் இருக்கிற துளை வழியாக வெளியேறுவதற்கு அந்தத் தாள்தான் துணை. அது இல்லாவிட்டால் தண்ணீர் காருக்குள் வரும். இதைக் கவனிக்காமல் வேலையை முடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

கதவு திறந்ததும் சந்தோஷத்தில் உடனே மூடிவிடாதே! முதலில் சைல்டு லாக்கை எடு. பிறகு கதவைத் திறந்து வைத்தபடியே, ஸ்க்ரூடிரைவரால் லாட்சின் கொக்கியைத் திருப்பி மூடிய நிலைக்குக் கொண்டுவா. இப்போது வெளிக் கைப்பிடியை இழுத்துப் பார், அப்புறம் உள்கைப்பிடியை. இரண்டிலும் கொக்கி துள்ளித் திறந்தால்தான் கதவை மூட வேண்டும். பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பழைய கிரீசைத் துடைத்து எடுத்துவிட்டுப் புது கிரீஸ் வை. துரு நீக்க அடிக்கிற ஸ்பிரே இறுகியதைத் தளர்த்தும், ஆனால் அதிகநாள் நிற்காது. அதை மட்டும் அடித்துவிட்டால் கொஞ்ச நாளில் மறுபடி இறுகும்.

கடப்பாரையை விட்டு நெம்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. கதவின் சட்டம் வளைந்துவிட்டால் டிங்கரிங் செய்தாலும் காற்றும் தண்ணீரும் புகும்.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். கதவு சரியாகிற வரைக்கும் அவர்களை முன்சீட்டிலேயே உட்கார வை. சைல்டு லாக் விஷயத்தையும், வெளிக் கைப்பிடி லொடலொடவென்று வருகிறதா இறுக்கமாக வருகிறதா என்பதையும் பார்த்து உடனே எழுது. கிளிப்தான் என்றால் அதற்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் ராஜு