செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, போஷகர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்துக்குப் பிறகு நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. இரண்டு சிரமதானம் நடந்தது. வாசிகசாலைக் கூரையின் ஒழுக்கு அடைக்கப்பட்டது, மாரியில் மறுபடியும் ஒழுகியது. இவற்றை இத்துடன் விடுகிறேன். மட்டக்களப்பு நகரத்தில் வீடில்லாமல் வெளியில் படுப்பவர்களை எண்ணப் போனோமே, அதைத்தான் இம்முறை விரிவாகச் சொல்ல வேண்டும்.

2024இல் அரசாங்கம் தொகைமதிப்பு எடுத்ததுதானே, நமக்கு எதற்கு இந்த வேலை என்று சபையிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது நாட்டுக்கான கணக்கு. நமக்கு வேண்டியிருந்தது, அந்த ஆட்கள் யார் யார் என்பது. அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் வேண்டும். அவர் கையொப்பமிட, அவருடைய பிரிவில் ஒரு விலாசம் வேண்டும். சமுர்த்திக்குப் பதிலாக 2023இல் வந்த அரசாங்க உதவிப்பணமான அஸ்வெசுமவும் குடும்பக் கணக்கில்தான் ஓடுகிறது. கடை விறாந்தையில் படுப்பவருக்கு எது பிரிவு, எது குடும்பம்?

முதலில் கார்த்திகையில் நாள் வைத்தோம்; மழை விடவில்லை. ஆடி அமாவாசையில் எண்ணலாம் என்று ஒருவர் சொன்னார். மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வெளியூரிலிருந்து வந்து படுப்பவர்களையும் சேர்த்து எண்ண வேண்டிவரும் என்பதால் வேண்டாம் என்றோம். கடைசியில் மாசியில் ஒரே ஒரு இரவு. இன்று பஸ் நிலையத்தில் படுப்பவர் நாளைக்குக் காந்தி பூங்காவில் படுக்கலாம். இரண்டு இரவு எண்ணினால் ஒருவரே இருவராகிவிடுவார். அதனால் நான்கு சோடிகளாகப் பிரிந்து, எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில், இரவு 11 மணிக்குப் போனோம்.

தொடக்கமே பிழை. கையில் டோர்ச், பைல் மட்டை, காலில் சப்பாத்து. பஸ் நிலையத்தில் எங்களைக் கண்டதும் மூன்று பேர் சாக்கைச் சுருட்டிக்கொண்டு இருட்டுக்குள் போய்விட்டார்கள். வீடு வாசலில்லாமல் திரிபவர்களைப் பிடிக்க 1841இல் வெள்ளைக்காரர் எழுதிவைத்த வேக்ரன்ட்ஸ் சட்டம் எங்களுக்கு ஒரு பழைய செய்தி. அவர்களுக்கு அது ராத்திரியில் முகத்தில் அடிக்கும் டோர்ச் வெளிச்சம். அப்புறம் பைல் மட்டைகளை ஓட்டோவில் போட்டுவிட்டு, பிளேன்டீயும் பணிசும் வாங்கிக்கொண்டு போனோம்.

யாரை எண்ணுவது என்பதில் இன்னொரு சிக்கல். பழைய கல்லடிப் பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களையும் ஒரு சோடி எழுதிக்கொண்டு வந்துவிட்டது. (அவர்களில் ஒருவர் நமது அங்கத்தவர்.) பெரியாஸ்பத்திரிப் பக்கம் படுத்திருந்த சிலர் வாவிக்கு அந்தப் பக்கமுள்ள படுவான்கரையிலிருந்து மறுநாள் கிளினிக்குக்கு வந்தவர்கள். ரயில் நிலையத்தில் விடியற்கால ரயிலுக்குக் காத்திருந்தவர்களையும் கழிக்க வேண்டியிருந்தது. “உங்களுக்கு வீடு இருக்கிறதா?” என்று படிவத்தில் இருந்த கேள்வியை வெட்டிவிட்டு, “நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள்? முந்தாநாள்?” என்று கேட்கத் தொடங்கினோம். அதற்கு யாரும் பொய் சொல்லவில்லை.

முதல் கேள்வி ஏன் உதவாது என்று எனக்கு விளங்கவைத்தவர் ஒரு முதியவர். கடதாசிப் பெட்டியை விரித்து, தலைமாட்டில் சிரட்டைக்குள் நுளம்புத் திரி கொளுத்தி வைத்திருந்தார். அடையாள அட்டை பொலித்தீனில் சுற்றிச் சாரத்து மடியில் இருந்தது. “வீடு இரிக்கு மனே. அது மகளுக்குக் குடுத்தாச்சு” என்றார்.

நம்மூர் வழக்கு உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. ஆண், கட்டின இடத்துக்குப் போவான். மனைவி இருக்கும்வரை சரி. அவள் போனால், அல்லது சண்டையில் இவன் இறங்கிவிட்டால், திரும்பிப் போகத் தாய்வீடும் இராது. அது தங்கச்சிக்குச் சீதனமாய்ப் போயிருக்கும். அன்றிரவு நாங்கள் பேசிய ஆண்களில் பலர் இந்தக் கதையையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேச ஆயத்தமாகப் போன எனக்கு இது பெரிய அடி. சீதன வழக்கைக் குறை சொல்ல வரவில்லை. வீடு கையில் இருப்பதால்தான் நம் பெண்கள் பலர் தெருவுக்கு வராமல் இருக்கிறார்கள்.

ஆனாலும் பெண்களே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் வெளிச்சத்தில் படுப்பதில்லை. இன்று ஒரு சொந்தக்காரர் வீட்டுக் குசினி, நாளை கோயில் மடம் என்று மாறிக்கொண்டிருப்பவர்களை நம் எண்ணிக்கை தொடவே இல்லை. எங்கள் சோடிகளில் ஒரு பெண்கூட இல்லாதது செயலாளரான என்னுடைய தவறு.

எண்ணிக்கையை இவ்வறிக்கையில் அச்சிடவில்லை. இடமும் தொகையும் சேர்ந்து வெளியே போனால் அடுத்த வாரமே அந்த இடங்களைத் “துப்புரவு” செய்ய யாராவது கிளம்புவார்கள் என்று சபை அஞ்சுகிறது. கூட்டம் முடிந்தபின் கேட்கிற அங்கத்தவருக்கு நேரில் சொல்வேன். அடையாள அட்டை இல்லாதவர்களின் விபரம் மட்டும், அவர்களுடைய சம்மதத்துடன், பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

அடுத்த எண்ணிக்கைக்குப் பெண் தொண்டர்கள் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் தேநீர் வேளையில் என்னிடம் வாருங்கள். பணிஸ் செலவைப் பற்றிய கேள்விகளுக்குப் பொருளாளர் பதில் சொல்வார்.

செயலாளர்