அரசலாற்றங்கரைக்கு ஒரு கை கொடுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஜனவரி 28-ஆம் தேதியோடு மேட்டூர் அணையை மூடுவது வழக்கம். அதன் பிறகு, காவிரியிலிருந்து பிரிந்து நம் கும்பகோணம் வழியே ஓடும் அரசலாற்றில் தண்ணீர் வடிய வடிய, அதுவரை மூடிக் கிடந்ததெல்லாம் மணலில் வெளிப்படுகிறது.

சென்ற சனிக்கிழமை ஒன்பதாம், பதினோராம் வகுப்பு மாணவர்கள் சிலர் கரையோரத் தெருக்காரர்களோடு சேர்ந்து படித்துறையைச் சுத்தம் செய்தார்கள். நானும் போயிருந்தேன். பால் பாக்கெட்டுகள், கோழிக்கடைக் கழிவு, கண்ணாடி உடைந்த சாமி படம், பூசை மாலையைப் பையோடு முடிந்து எறிந்த மூட்டைகள். கொண்டுபோன சாக்குகள் போதவில்லை. ஒரு மாணவி படியிடுக்கிலிருந்து ஊறிப்போன நோட்டு ஒன்றை உருவி என்னிடம் நீட்டினாள். அட்டையில் நம் பள்ளி முத்திரை. பெயர் அழிந்திருந்தது. யாருடையது என்று நான் விசாரிக்கவில்லை, நம்முடையது, அவ்வளவுதான்.

"படிக்க அனுப்பினோமா, குப்பை அள்ள அனுப்பினோமா?" என்று இரண்டு பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தண்ணீர் வருவதற்குமுன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் வாய்க்காலைத் தூர்வாரிய குடிமராமத்தை உங்கள் தாத்தாக்கள் அறிவார்கள். 2017-இல் அரசும் அந்தப் பெயரிலேயே பணிகளைத் தொடங்கியது. வாய்க்காலைப் பார்த்துக்கொள்ள, அதிலிருந்து தண்ணீர் பாய்ச்சும் வயல்காரர் உண்டு. கும்பகோணத்துக்குள் ஓடும் ஆற்றுக்கு யார் இருக்கிறார்கள்? இங்கே நாம் எறியும் பை காரைக்கால் கடல்வரை போகும். வழியில் மதகில் அடைத்தால் கடைமடை விவசாயிதான் தண்ணீருக்குக் காத்து நிற்பார். அவர் பிள்ளையும் எங்கோ ஒரு பள்ளியில் படிக்கிறது.

இம்மாதச் சனிக்கிழமைகளில் காலை 7 முதல் 9 வரை பணி நடக்கும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினர் வர வேண்டாம், தேர்வு நெருங்குகிறது. கையுறை பள்ளி தரும், செருப்பில்லாமல் யாரும் இறங்கக் கூடாது. கண்ணாடித் துண்டுகளை ஆசிரியர்களே எடுப்பார்கள். அணை திறந்த பிறகு எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகளை ஆற்றில் இறங்க விடாதீர்கள்.

படித்துறைக்கு அருகே சாக்கடை நேராக ஆற்றில் விழுகிறது. அதை எத்தனை சாக்கு கொண்டுபோனாலும் அள்ள முடியாது. மாணவர்கள் தங்கள் கைப்பட மனு எழுதியிருக்கிறார்கள். திங்கட்கிழமை ஆட்சியரகக் குறைதீர் கூட்டத்தில் பெற்றோர் நால்வர் அதைக் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். நகல் இத்துடன் வருகிறது. படித்துப் பார்த்து, சம்மதமென்றால் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் அனுப்புங்கள்.

வீட்டுப் பூசைப் பூக்களையும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாம். பள்ளித் தோட்டத்தில் உரக்குழி வெட்டியிருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்