மழைக்கு முன்னால் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்: மலை ஜீப் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஜீப் உரிமையாளர்களுக்கும், அந்த வண்டிகளை ஓட்டும் அண்ணன் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

விடியுமுன்னே பெண்களை ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிப்போய், பொழுது சாய வீடு சேர்ப்பவை உங்கள் ஜீப்புகள். அவற்றுக்குப் பெரிய வேலை வந்தால் கணவாய் தாண்டி உசிலம்பட்டி, மதுரைப் பட்டறைகளுக்குத்தான் வருகின்றன. அந்த வேலை பார்ப்பவர்கள் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறோம். ஜூன் மழை பிடிக்குமுன் ஒவ்வொரு வண்டியிலும் பிரேக் ஆயிலை முழுசாக மாற்றிவிடுங்கள். குறைந்ததை நிரப்பினால் போதாது, பழசு மொத்தமும் வெளியே வர வேண்டும்.

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,000 மீட்டர் இறக்கம். ஆட்களோடு சேர்த்து 2,400 கிலோ எடையுள்ள ஜீப் அந்த உயரத்தை இறங்கும்போது பிறக்கும் சூட்டில் 80 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அதில் கொஞ்சம் டயரோடும் காற்றோடும் போகும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லையென்றால் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் வாங்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மூத்த டிரைவர்கள் சொல்வது இதற்குத்தான். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது தப்புக் கணக்கு. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பம்பில் இருக்கும் கவர்னர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவாகிறது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டருக்கு வேக்குவம் தரும் பம்ப் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே சுற்றுகிறது. எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதியில் வேக்குவம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும்.

இனி ஆயில் விஷயம். பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இனமே இல்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் திரவம் அது. டாட் 3, டாட் 4 என்பவை அதன் ரகங்கள். புது டாட் 3 கொதிக்க 205 டிகிரியாவது வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். டாட் 4 என்றால் புதுசில் 230, ஈரம் ஏறினால் 155. மலை மழையிலும் பனியிலும் நாள் முழுக்க நிற்கிற வண்டிக்கு ஈரத்துக்கா பஞ்சம்? டிரம் சூடு, லைனிங்கை டிரம்மோடு அழுத்தும் வீல் சிலிண்டருக்கு ஏறி ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி கட்டும். ஆவி அமுங்கிப் போவதால் பெடல் பலகை வரை இறங்கும், சக்கரத்தில் பிடிப்பு இருக்காது.

வண்டி அடிவாரம் வந்து ஆறியதும் குமிழி கரைந்து பெடல் பழையபடி நின்றுவிடுகிறது. பட்டறையில் மிதித்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. 8 வருடம் தாண்டிய வண்டிக்கு வருடம் ஒருமுறை எஃப்சி என்ற தகுதிச் சோதனை உண்டுதான், ஆனால் சமதரையில் ஆறிய டிரம்மோடு பார்க்கும் சோதனையிலும் இது சிக்காது. அதனால் "பத்தாவது வளைவுல பெடல் உள்ள போச்சுண்ணே" என்று டிரைவர் சொன்னால் அந்தச் சொல்லை நம்புங்கள். மறுநாள் ஏற்றத்துக்கு அந்த வண்டியை அனுப்பாதீர்கள்.

மாற்றும் முறை இது. சீல் உடைக்காத ஒரு லிட்டர் டாட் 4 போதும். பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அதன் டப்பாவில் இருக்கும் பழசை ஊசிக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசை ஊற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர் வலது முன்பக்கம் இருக்கும் வண்டியில், தூரமாக இருக்கும் இடது பின் சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வர வேண்டும். ஏர் எடுக்கும் நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனை பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் மூழ்கி இருக்கட்டும். ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே பெடலை விட வேண்டும். முதலில் கட்டன் சாயா நிறத்தில் கசடோடு வரும், அப்புறம் வெளுக்கும், கடைசியில் டியூபில் ஒரு குமிழியும் ஓடாது. அதுவரை விடாதீர்கள். நடுவில் டப்பா வற்றினால் காற்று புகுந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாட்டிலில் பிடித்ததை மறுபடி ஊற்றக் கூடாது. டின்னில் மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கு வைக்கவும் கூடாது.

ஆயில் குறைகிறது என்று அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றிய வண்டிகளும் வருகின்றன. அதிலும் டீசலிலும் ரப்பர் ஊதிவிடும். பிரேக் பிடித்தது விடாமல் நின்று, டிரம் இன்னும் கொதிக்கும். அப்படி ஊற்றிவிட்டால் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் வாஷர்கள், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும். சிலிண்டரைக் கழுவவும் டீசல், மண்ணெண்ணெய் வேண்டாம். புது பிரேக் ஆயிலே போதும்.

டிரைவர்கள் பெடலைக் கவனித்துச் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று அல்லது ஆவி. மிதித்தபடி நிற்கும்போதே மெல்லக் கீழிறங்கி, வெளியே எங்கும் ஒழுகவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் போயிருக்கும். பெடல் கெட்டியாக நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் சூட்டில் வழுக்குகிறது, அல்லது வேக்குவம் ஹோஸ் வெடித்திருக்கிறது. ஒரு பக்கம் இழுத்தால் ஏதோ ஒரு சக்கரத்தில் லைனிங் நனைந்திருக்கலாம்.

பின் லைனிங் நனைவதற்குக் காரணம் பல நேரம் ஆக்சில் ஹவுசிங் மேலிருக்கும் பிரீதர், அதாவது உள்காற்று வெளியேறும் சிறு குழாய். விரல் நுனி அளவுதான் இருக்கும். சேறு அப்பி அது அடைத்தால், ஓட ஓட உள்ளே சூடாகும் காற்றுக்குப் போக வழியில்லாமல் கியர் ஆயிலை, அதைத் தடுத்து நிற்கும் ரப்பர் சீல் வழியாக டிரம்முக்குள் தள்ளும். அந்த சீல் மட்டும் மாற்றினால் புது சீலும் நனையும். பிரீதரைக் கழற்றி, கழுவி, ஊதிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். எண்ணெய் குடித்த லைனிங்கை நெருப்பில் காட்டுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். அடுத்த சூட்டில் எண்ணெய் மறுபடி மேலே வரும். அந்த ஆக்சிலில் இரண்டு பக்கமும் புது லைனிங் போடுங்கள்.

சூடான டிரம்மில் ஓடைத் தண்ணீரை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பு கீறல் விடும். டிரம்மைக் கடையும்போது அதில் பொறித்திருக்கும் கடைசி அளவைத் தாண்டாதீர்கள். மெலிந்த டிரம் சீக்கிரம் சூடேறும்.

இன்னும் ஒன்று. வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் வில்லில் கூடுதல் பட்டை சேர்த்துத் தரச் சொல்லி வருகிறீர்கள். பட்டை சேர்த்தால் வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். பிரேக் பழைய அளவில்தான் இருக்கிறது. ஆர்சியில் உள்ள கணக்குக்கு மேல் ஏறும் ஒவ்வொரு ஆளின் எடையும் டிரம்மில் சூடாக இறங்குகிறது. ஆள் கூட்டுவதற்காகப் பட்டை சேர்க்கும் வேலையை எங்களிடம் கேட்காதீர்கள்.

வண்டியைக் காலையில் விட்டால் அன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம். டிரைவரும் கூடவே வரட்டும். மாற்றிய தேதியை டேஷ்போர்டில் பெயிண்டால் எழுதித் தருகிறோம், ஏறி உட்காரும் பெண்களும் பார்க்கும்படி.

இப்படிக்கு,
மதுரை–தேனி சாலைப் பட்டறைகளில் ஜீப் வேலை பார்ப்பவர்கள்