மல்லிக்கு, ராயபுரத்திலிருந்து

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் வந்தது. போனில் பேசும்போது பிள்ளையும் மருமகளும் பக்கத்தில் இருப்பதால் நீ எதையும் முழுசாகச் சொல்வதில்லை. எழுத உட்கார்ந்தால்தான் உனக்கு மனசில் உள்ளதெல்லாம் வருகிறது. அதனால் நானும் எழுதியே பதில் சொல்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. நீ புனேவுக்குக் கிளம்பியபோது திருவொற்றியூர் ஹைரோடு முழுக்கத் தடுப்பு வைத்து மெட்ரோவுக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? 2021 பிப்ரவரியிலேயே விம்கோ நகர் வரை ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. வடிவுடையம்மன் கோயிலுக்குத் தேரடி ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடுகிறேன். காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து லாஞ்சுகள் கடலுக்குப் போய்விட்டன. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாளும் வஞ்சிரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு விலை. இப்போது சங்கராவும் காரப்பொடியும் தாராளமாகக் கிடைக்கின்றன. எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"எல்லாம் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் மனசு நிறையவில்லை" என்று எழுதியிருந்தாய். காலையில் யோகா, மத்தியானம் யூடியூபில் சொற்பொழிவு, சாயங்காலம் நடை. மகிழ்ச்சியாக வாழ்வது எப்படி என்று ஒருத்தர் பேசுவதைக் கேட்கும் வரை நன்றாக இருக்கிறது, அணைத்ததும் பழையபடி ஆகிவிடுகிறது, எனக்கு நன்றி இல்லையோ என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உனக்கா நன்றி இல்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கல்மண்டபத்தில் இருந்தவரை உன் வாசலில் தையல் மெஷின் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. தீபாவளி நெருங்கினால் ஜாக்கெட் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். இடுப்பு வலிக்கிறது என்று அலுத்துக்கொள்வாய். ஆனாலும் ஆளைப் பார்த்த உடனே தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்று நீ சொல்லும்போது உன் முகத்தில் ஒரு களை வரும். உன் பிள்ளை "உழைத்தது போதும்மா, இனிமேல் நீ சும்மா இரு" என்று சொல்லி மெஷினை விற்றுவிட்டான். பாசத்தில்தான் செய்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஒன்று தெரிவதில்லை. நம் கஷ்டத்தைக் குறைக்கிறோம் என்று நினைத்து, நம்மைத் தேடி நாலு பேர் வருகிற வழியையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். உன்னிடம் இப்போது இல்லாதது அதுதான் என்று நினைக்கிறேன். யோகாவும் நல்லது, சொற்பொழிவும் நல்லது. ஆனால் இன்றைக்கு நீ போகவில்லை என்றால் அங்கே யார் உன்னைத் தேடப் போகிறார்கள்?

துறைமுக ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் அந்த வெறுமை இருந்தது. அது எப்படிப் போனது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. நேற்று நடந்ததையே சொல்கிறேன்.

ஆடி மாசம் அல்லவா, நேற்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினோம். அடுப்படிப் பொறுப்பு இப்போது என்னுடையது. வீடு வீடாக வாங்கிய கேழ்வரகை அரைத்து வெள்ளிக்கிழமை ராத்திரியே கரைத்து வைத்துவிட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் அண்டாவைத் திறந்தால் புளித்த வாசம் தெரு முனை வரை வந்தது. செங்கல் அடுக்கி விறகு மூட்டி, முதலில் நொய்யைக் குழைய வேகவைக்க வேண்டும். அப்புறம் ஒருத்தர் மாவை ஊற்ற ஊற்ற இன்னொருத்தர் கை நிறுத்தாமல் துடுப்பால் கிளற வேண்டும். நிறுத்தினால் கட்டி தட்டிவிடும், அடி பிடித்துவிடும். கொஞ்ச நேரத்தில் மாவின் வெளுப்பு மாறி, பளபளப்பு ஏறி, துடுப்பு கனக்க ஆரம்பிக்கும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. "இறக்குங்கப்பா" என்று நான் சொன்ன பிறகுதான் பையன்கள் அண்டாவில் கை வைத்தார்கள். அவ்வளவு நேரமும் முட்டி வலி ஞாபகம் வரவில்லை மல்லி. பேங்க் கணக்கு, பிள்ளையின் வேலை, நாளைக்கு என்ன ஆகுமோ என்கிற கவலை, எதுவுமே வரவில்லை.

மறுநாள் தயிரும் உப்பும் போட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்போடு ஊற்றினோம். தூக்குவாளியோடு நின்ற வரிசை தெரு முனையைத் தாண்டியது. மூட்டை தூக்குகிறவர், ஆட்டோக்காரர், மீன்கார அக்கா, புதிதாகக் குடிவந்த வடநாட்டுப் பையன்கள், எல்லோரும் அதில் இருந்தார்கள். ஒரு பையன் கூழை முகர்ந்து பார்த்துத் தயங்கி ஒரு வாய் குடித்தான். அப்புறம் இன்னொரு டம்ளர் கேட்டான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

இன்னொரு வேலையும் இருக்கிறது. கீழ்வீட்டுப் பெண் ஏழாவது படிக்கிறாள், கேரம் விளையாடுகிறாள். அவள் அம்மா கம்பெனியிலிருந்து வர ஏழரை மணி ஆகிவிடும், அதனால் கிளப்புக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். இந்தப் பக்கத்தில் கேரம் எப்படி என்று உனக்கே தெரியும், நம் தெருவிலும் விளக்குக் கம்பத்துக்குக் கீழே போர்டு போட்டுவிடுவார்கள். அர்ஜுனா விருது வாங்கிய உலகச் சாம்பியன் மரிய இருதயம் சென்னைக்காரர்தான். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அதற்குப் பிறகு கிளப்பில் பெண் பிள்ளைகள் கூட்டம் அதிகம்.

நான் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். அவள் பவுடரைத் தூவி உள்ளங்கையால் ஒரே சீராகத் தேய்ப்பாள். ஸ்டிரைக்கரை வைத்துவிட்டுக் கண்ணைப் போர்டின் மட்டத்துக்கு இறக்கி, மூச்சை ஒரு நொடி அடக்கி, அப்புறம்தான் விரலை விடுவாள். சிவப்புக் காயைப் போட்டால் மட்டும் போதாதாம், உடனே தன் காய் ஒன்றையும் போட்டால்தான் அது சேருமாம். அந்த இரண்டாவது காயும் விழுந்ததும் என்ன செய்வாள் தெரியுமா? எதிரில் இருப்பவளைப் பார்க்க மாட்டாள், நான் பார்த்தேனா என்று திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காக நான் மழையிலும் போவேன்.

ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டு, இருப்பதை வைத்துத் திருப்திப்படு என்று உனக்குப் புத்தி சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதே இல்லை, அதிலும் நம் பக்கத்து ஜனங்களிடம் சொல்லவே கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படிந்ததே, கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குப் பிழைப்பே நின்றுபோனது. அவர்களிடம் போய் மனசுதான் காரணம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். அவர்களுக்கு வேண்டியது சுத்தமான தண்ணீரும் நியாயமும். தங்களுக்கு உரியதைக் கேட்டு வாங்கப் போராடுகிறவர்களுக்கும் மனநிறைவு உண்டு. அங்கே பெண்கள் ஒன்றாக நின்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். வயிற்றில் கவலை இருந்தாலும் ஒருத்திக்கு ஒருத்தி துணை என்கிற தெம்பு பேச்சில் தெரிந்தது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். முழு நேரத் தையல் வேண்டாம், உன் கண்ணுக்கும் இடுப்புக்கும் அது ஆகாது. ஆனால் அவ்வளவு பெரிய குடியிருப்பில் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்க எங்கே கொடுக்கிறார்கள் என்று விசாரி. கையால் தைத்த ஃபால்ஸ் சுருங்காது என்று நீதானே எனக்குச் சொன்னாய். அதற்கு மெஷின்கூட வேண்டாம், ஊசியும் நூலும் போதும். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு புடவை தைத்துக் கொடு. நன்றாக அமைந்தால் அவளே நாலு பேரிடம் சொல்வாள். காசு வாங்கு, சும்மா செய்யாதே. காசு கொடுத்தால்தான் "எப்போ கிடைக்கும் அக்கா" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி உனக்கு வேண்டும். உன் பிள்ளை ஏதாவது சொன்னால் என்னோடு பேசச் சொல், அவனைத் தூக்கி வளர்த்தவள் நான், எனக்கு அந்த உரிமை இருக்கிறது.

தை மாசம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிடு, டிக்கெட்டை இப்போதே போடச் சொல். பாரிமுனை செகண்ட் லைன் பீச் தெருவில் நின்று அத்தோ, அதான் அந்த பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டுவிட்டு, திருவொற்றியூர் பட்டினத்தார் கோயில் பக்கம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு பேசலாம். அதற்கு முன்னால் ஃபால்ஸ் விஷயம் என்ன ஆயிற்று என்று எழுது. உன் முட்டிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் விடாமல் எழுது.

அன்புடன்,
வசந்தா