கோடையில் மந்தைக்கே மருந்து ஊற்றாதீர்கள்

ஆடு வளர்ப்போர் சங்கங்களுக்கும், ஊர் ஊராகக் குடற்புழு நீக்க முகாம் நடத்துவோருக்கும் வணக்கம்.

சித்திரை வெயிலில் பட்டியிலுள்ள அத்தனை ஆட்டுக்கும் ஒரே நாளில் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை ஊற்றுகிறீர்கள். பார்க்க ஒழுங்கான வேலைதான். ஆனால் மருந்து வேலை செய்யாமல் போவதற்கு இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

நான்காம் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுவை எடுத்துக்கொள்வோம். ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் இழக்க வைக்கும். 1,000 புழு இருந்தால் தினம் 50 மில்லி போச்சு. பெண் புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். புழுக்கையோடு விழும் முட்டை, ஈரமிருந்தால் ஒரு வாரத்தில் இளம்புழுவாகிப் பனி நனைந்த புல்லில் ஏறிக் காத்திருக்கும். கோடையில் தரை காய, இவை கருகிவிடும். அப்போது உயிரோடிருக்கும் புழு பெரும்பாலும் ஆட்டின் வயிற்றில்தான். அவற்றிலும் ஒரு பகுதி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு மழைக்காகக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சும். ஐப்பசி மழையில் மேய்ச்சல் தரையை நிரப்புவது அதன் வாரிசு. மருந்து படாத புழுவும் ஊடே இருந்தால்தான் அந்த வாரிசு நீர்த்துப்போகும்.

மந்தையில் சில ஆடுகள்தான் பெரும்பாலான புழுவைச் சுமக்கின்றன. ரத்தம் குறையக் குறையக் கண்ணின் உள்சவ்வு வெளுக்கும் என்பதால் அவற்றைக் கண்ணை வைத்தே பிடிக்கலாம். மேலிமையை லேசாக அழுத்திக் கீழிமையை இறக்கினால் உள்சவ்வு பிதுங்கும். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையோடு (சிவப்பு 1 முதல் வெளுப்பு 5 வரை நிறம் காட்டும் அட்டை) அதை வெட்டவெளியில் ஒப்பிடுங்கள். கொட்டில் நிழலில் நிறம் ஏமாற்றும். 1, 2 என்றால் விட்டுவிடலாம். 4, 5 என்றால் உடனே மருந்து. 3 என்றால் குட்டிக்கும் சினையாட்டுக்கும் பால் கொடுப்பதற்கும் கொடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கொரு முறை பார்க்கவேண்டும். கழிச்சலுக்காகக் காத்திருக்காதீர்கள்; இந்தப் புழு பெரும்பாலும் கழிச்சல் தராது, தாடைக்கடியில் நீர் கோக்கும். உண்ணி மொய்த்தாலும் ஈரல் தட்டைப்புழு இருந்தாலும் சவ்வு வெளுக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

அளவில்தான் அதிகத் தவறு. வெள்ளாட்டின் உடல் அல்பெண்டசோலைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். செம்மறி அளவு அதற்குப் போதாது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால், 25 கிலோ வெள்ளாட்டுக்கு 2.5 சத மருந்தில் 10 மில்லி. கண்மதிப்பு வேண்டாம், எடை போடுங்கள். நாக்கின் அடிப்பகுதியில் ஊற்றுங்கள். வாய் முன்புறம் ஊற்றினால் மருந்து முதல் இரைப்பையில் தங்காமல் தாண்டிப்போய்ச் சீக்கிரம் வெளியேறிவிடலாம். சினையின் முதல் மாதத்தில் இந்த மருந்தே கூடாது.

மருந்து கேட்கிறதா என்று அறிய, பத்து ஆடுகளின் ஆசனவாயிலிருந்து நேரடியாகப் புழுக்கை எடுத்து மருந்தூட்டும் நாளிலும் 14ஆம் நாளிலும் முட்டை எண்ணவேண்டும். காற்றை வெளியேற்றிய பையில், குளிர்ச்சியாக, உறையவிடாமல் ஆய்வகம் சேருங்கள். சூட்டில் முட்டை பொரிந்துவிட்டால் எண்ணிக்கை பொய்யாகும். ஒரு கிராம் புழுக்கையில் சராசரி 1,200 முட்டை இருந்தது 60க்குக் கீழ் இறங்கினால் சரி. 300 நின்றால் முக்கால்வாசிதான் குறைந்திருக்கிறது. எடையும் ஊற்றிய விதமும் சரியாக இருந்தும் இப்படியென்றால், அந்தப் பட்டிக்கு அந்த மருந்தை நிறுத்திவிட்டு வேறு வகை மருந்துக்குக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

அடுத்த முகாம் பட்டியலில் பாட்டில்களுக்கு மேலே ஒரு தொங்கு தராசையும் ஃபமாச்சா அட்டையையும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
கால்நடை ஒட்டுண்ணிகளை ஆராய்வோர் சிலர்