3ம + 2வ: பழக்கூடைக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மாணவர் இணைப்பிதழில் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வந்த இயற்கணிதப் பக்கத்தைப் பார்த்தேன். 'ம என்றால் மாம்பழம், வ என்றால் வாழைப்பழம். 3ம + 2வ என்றால் மூன்று மாம்பழம், இரண்டு வாழைப்பழம். அவ்வளவுதான் இயற்கணிதம்!' என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். பக்கத்திலேயே வண்ணத்தில் ஒரு பழக்கூடை. படத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

அவ்வளவுதான் என்றால், ம × வ எவ்வளவு என்று எழுதியவரைக் கேட்டுச் சொல்லுங்கள். மாம்பழத்தை வாழைப்பழத்தால் பெருக்கினால் என்ன வரும்? ம² என்பது மாம்பழத்தின் வர்க்கமா? எழுத்து நிற்பது எண்ணுக்காக, பொருளுக்காக அல்ல. ஒரு மாம்பழத்தின் விலை ம ரூபாய், ஒரு வாழைப்பழத்தின் விலை வ ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 3ம + 2வ என்பது கடைக்காரரிடம் கொடுக்க வேண்டிய தொகை. மாம்பழம் 20, வாழைப்பழம் 6 என்றால் 72 ரூபாய். நாளைக்கு விலை ஏறினால் தொகை ஏறும், 3ம + 2வ என்ற கோவை அப்படியே இருக்கும். தங்கள் ஆசிரியர் குழுவுக்கு இது தெரியாததல்ல. கூடையை வரைவது சுலபம், விலையை வரைய முடியாது. அதனால்தான் கூடை வந்தது.

இதன் பலனை எட்டாம் வகுப்பில் அறுவடை செய்கிறோம். 'ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு 30 மாணவர்கள் வீதம் இருக்கிறார்கள். ஆசிரியர்களின் எண்ணிக்கை ஆ, மாணவர்களின் எண்ணிக்கை மா. சமன்பாடு எழுதுக' என்று கொடுத்துப் பாருங்கள். நோட்டுக்கு நோட்டு 30மா = ஆ என்று வரும். 'முப்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர்' என்று அதைப் படித்தும் காட்டுவார்கள். ஆ-வுக்கு 2 போட்டால் மாணவர் 60 பேர் வர வேண்டும்; இந்தச் சமன்பாட்டில் ஒரு மாணவரில் பதினைந்தில் ஒரு பங்குதான் வருகிறது. மா என்பது மாணவர், எண்ணிக்கை அல்ல என்று ஆறாம் வகுப்பில் யாரோ ஊட்டியதுதான் இது. 1970களிலேயே இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளின் விடைகளை ஆராய்ந்த டீட்மார் கூக்கெமன், எழுத்தைப் பொருளாகப் படிப்பதைத் தனி வகையாகவே பிரித்துக் காட்டினார். அந்த வகையைத்தான் தாங்கள் வண்ணத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள்.

நம் பழைய கணிதர்களும் எழுத்து வைத்தவர்கள்தான். 12ஆம் நூற்றாண்டுப் பாஸ்கரரின் இயற்கணிதத்தில் தெரியாத எண்களுக்கு 'யா', 'கா', 'நீ' என்று அடையாளங்கள் வரும். 'கா' என்பது காலகம், அதாவது கறுப்பு; 'நீ' என்பது நீலகம், அதாவது நீலம். இவற்றில் பெயர் நிறத்தின் பெயர். கூட்டியதும் கழித்ததும் எண்ணை. இதையெல்லாம் எழுத, இராமானுஜன் பிறந்த நாளான டிசம்பர் 22 அன்று ஒரு பக்கம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஆண்டுதோறும் இராமானுஜன் படமும் 1729 என்ற டாக்சி எண்ணும் வந்தே தீர வேண்டும் அல்லவா? இடம் எங்கே இருக்கும்.

அதே பக்கத்தில் 'கற்றல் நோக்கங்கள்' என்றொரு பெட்டி. 'மாணவர்கள் மாறி என்னும் கருத்தைப் புரிந்துகொள்வர்.' புரிந்துகொண்டார்கள் என்று எதை வைத்துச் சொல்வது? தலையாட்டுவதை வைத்தா? நோக்கம் என்றால் சோதித்துப் பார்க்க முடிய வேண்டும். 'ஓர் அமைப்பின் முதல் நான்கு உருவங்களைப் பார்த்து ஐம்பதாவது உருவத்துக்கு எத்தனை குச்சி என்று வரையாமல் சொல்வர். அதற்கான கோவையை இரண்டு விதமாக எழுதுவர். இரண்டும் ஒன்றே எனக் காட்டுவர்' என்று எழுதுங்கள். ஒரு பாடவேளை முடிவில் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று தெரிந்துவிடும்.

தீக்குச்சிச் செயல்பாட்டையும் போட்டிருந்தீர்கள். பாதியில் விட்டுவிட்டீர்கள். வரிசையாக ஒட்டிய சதுரங்கள்: 4, 7, 10 குச்சிகள். 'அடுத்தது என்ன?' என்று கேட்டு 13 என்று விடையும் கொடுத்து முடித்திருக்கிறீர்கள். அங்கே இயற்கணிதமே தொடங்கவில்லை. மூன்று மூன்றாகக் கூட்டத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் 13 சொல்லும். சதுரங்களின் எண்ணிக்கை ந என்று வைத்துக் குச்சிகளுக்குக் கோவை கேட்டால் 'ந + 3' என்று எழுதுகிறவர்கள் இந்த 'அடுத்தது என்ன'வில் வளர்ந்தவர்கள்.

செய்ய வேண்டியது இது. நால்வருக்கு 13 குச்சி போதும். விளக்குமாற்று ஈர்க்கை ஒரே நீளத்தில் நறுக்கிக்கொள்ளலாம். நாலாவது உருவம் முடிந்ததும் குச்சியைத் திரும்ப வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுக்கிக்கொண்டே எண்ணுவார்கள். பிறகு பத்தாவது உருவத்தைக் கேட்க வேண்டும்: 31. உடனே இருபதாவது. 62 என்று பல குரல் வரும், பத்துக்கு 31 என்றால் இருபதுக்கு இரண்டு மடங்கு என்று. அங்கேதான் நிறுத்த வேண்டும். இரண்டு பத்துச் சதுர வரிசைகளை ஒட்டினால் நடுவில் ஒரு குச்சி மிச்சமாகும், ஆகவே 61 என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். இப்போது 'நீ எப்படிப் பார்த்தாய்?' என்று கேட்டால் ஒருத்தி இடது ஓரத்துக் குச்சி ஒன்று, அப்புறம் சதுரத்துக்கு மூன்று என்பாள்: 1 + 3ந. இன்னொருவன் முதல் சதுரத்துக்கு நான்கு, மற்றவற்றுக்கு மூன்று என்பான்: 4 + 3(ந − 1). சதுரத்துக்கு நான்கு போட்டு, பொதுக் குச்சிகளைக் கழிக்கிறவர்களும் உண்டு: 4ந − (ந − 1). மூன்றும் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்ற கேள்வியில் அடைப்புக்குறியை நீக்குவது, ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பது எல்லாம் தேவையோடு வந்து நிற்கும்.

பயிற்சிக் கணக்குகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருபது கணக்கு, இருபதும் ஒரே அச்சு: ப + 7 = 12, ப + 9 = 15, ப + 4 = 11. இரண்டாவதுக்குப் பிறகு யாரும் சமன்பாட்டைப் படிப்பதில்லை, பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துக்கொண்டே போகிறார்கள். இருபதுக்குப் பதில் ஐந்து போடுங்கள்: ப + 7 = 12; 12 = ப + 7; 7 = 12 − ப; ப + 7 = ப + 9; ப + ப = 2ப. நாலாவதுக்கு விடையே கிடையாது, ஐந்தாவதுக்கு எந்த எண்ணும் விடை. பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வார்கள். போடட்டும்.

சமக்குறியை 'விடை எழுது' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிற பிள்ளை, 8 + 4 = ▢ + 5 என்றால் கட்டத்தில் 12 எழுதும்; இன்னும் சுறுசுறுப்பான பிள்ளை 17 எழுதும். 7 வர வேண்டும். 3 + 4ப என்பதை 7ப ஆக்குவதும் இதே வியாதி, விடை ஒற்றையாக இருந்தாக வேண்டும் என்ற தவிப்பு. மருந்தும் எளிது: 37 + 28 = 38 + 27 சரியா, தவறா, கூட்டாமல் சொல். ஆனால் தங்கள் போட்டித்தேர்வுப் பக்கத்திலேயே '5 + 3 = 8 × 2 = 16 − 1 = 15' என்று வழிமுறை அச்சாகிறது. எட்டும் பதினைந்தும் சமம் என்கிறது நாளிதழ். பிள்ளை என்ன செய்யும்?

'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற குறுக்குவழியையும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். இதை மனப்பாடம் செய்தவர்கள் 5ப = 20 என்பதில் ஐந்தை அந்தப் பக்கம் அனுப்பும்போதே குறியையும் மாற்றி, 20-ஐ −5-ஆல் வகுத்து ப = −4 என்று முடிக்கிறார்கள். விதியைப் பிசகாமல் பின்பற்றியவர்களுக்கு முட்டை மதிப்பெண். இருபுறமும் 5-ஆல் வகுக்கிறோம் என்று ஒரு வரி கூடுதலாக எழுதினால் தாள் தீர்ந்துவிடாது.

இதைப் பற்றி முன்பே எழுதினேன். 'கணிதப் பக்கம் அருமை, மேலும் எளிமையாக வரலாம் என்கிறார் வாசகர்' என்று சுருக்கிப் போட்டீர்கள். பெருந்தன்மைக்கு நன்றி.

இப்போது கேட்பது சின்னதுதான். அடுத்த இணைப்பிதழில், அதே அளவுக் கட்டத்தில், 'ம என்பது ஒரு மாம்பழத்தின் விலை' என்று திருத்தம் போடுங்கள். கூடைப் படத்தை எடுக்க மனம் வராவிட்டால் இருக்கட்டும், பழத்தின் மேல் விலைச்சீட்டு ஒட்டிவிடுங்கள். பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிடும் விடைகளோடு, ஒவ்வொரு கணக்குக்கும் பிள்ளைகள் வழக்கமாக எழுதும் தவறான விடையும் அது வருவதற்கான காரணமும் ஒரு வரி வந்தால் போதும். எழுத ஆள் இல்லை என்றால் நானே எழுதி அனுப்புகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
கணிதப் பட்டதாரி ஆசிரியை,
விருத்தாசலம்